நான்கு கியர் பின்னால், ஒன்று முன்னால்

1

15 அக்டோபர் 1966, சனிக்கிழமை. மாதுங்கா, பம்பாய்.

ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். டிரேசிங் தாளைப் புறம் மாற்றிப் போட்டு, அதன்மேல் எழுத்து எழுதிவிட்டேன். ‘சிறு’ என்ற சொல் இங்கே பொருந்துமா என்று கடைசியில் சரிபார்க்க வேண்டும். மறந்துவிடாமலிருக்க ஓரத்தில் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்.

இது நாட்குறிப்பு நோட்டு. வழக்கமாக எத்தனை மணிக்கு எழுந்தேன், வகுப்பில் என்ன நடந்தது, எதில் தவறினேன் என்று மூன்று வரி எழுதி மூடிவிடுவேன். இன்றைக்கு மட்டும் கதையாக எழுதலாம் என்றிருக்கிறேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. நாட்குறிப்பில் ‘நான்’ என்று எழுத வேண்டும். கதையில் ‘அவன்’ என்று எழுதலாம். தவறு செய்தவன் ‘அவன்’ என்றால் பேனா தடங்கலின்றி ஓடுகிறது.

ஆகவே இந்தக் கதையில் படம் வரைந்தவன் பெயர் பிரம்மநாயகம். வயது இருபத்திரண்டு. பகலில் கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் படங்களை மையில் நகலெடுக்கும் டிரேசர். மாலையில் மாதுங்காவில் மெக்கானிக்கல் டிராயிங் வகுப்பு. அவனுக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே வேலை, ஒரே வகுப்பு, ஒரே அறை. மற்றபடி எங்களுக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை.

2

முதல் வரிக்கு மூன்று முறை முயன்றேன். அடித்தவற்றையும் விட்டுவைக்கிறேன், டிராயிங் வகுப்பில் ரப்பர் வைத்து அழித்தால் தாள் கெடும் என்று சொல்லித் தந்திருக்கிறார்கள்.

‘மாலைச் சூரியன் தாராவியின் தகரக் கூரைகள்மேல் பொன்னை உருக்கி ஊற்றிக்கொண்டிருந்த அந்த —’

[ஊற்றவில்லை. காலை பத்து மணி. தோல் தொட்டிகளின் வாடையில் யாரும் நிமிர்ந்து சூரியனைப் பார்க்கவில்லை.]

‘மனிதன் முன்னேறப் பிறந்தவன். ஆயினும் சில வேளைகளில் —’

[எங்கள் ஆசிரியர் படித்தால், கோடு போடத் தெரியாதவன்தான் தத்துவம் பேசுவான் என்பார்.]

‘தனசீலனின் காருக்கு ரிவர்ஸ் கிடையாது.’

[இது நிற்கும். இதைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.]

3

தனசீலனின் காருக்கு ரிவர்ஸ் கிடையாது. அதற்குக் கதவும் கிடையாது, கூரையும் கிடையாது. ஆனால் அவற்றை யாரும் குறையாகச் சொன்னதில்லை. தனசீலன் செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். தாராவியில் தன் வீட்டு வாசலில், மூன்று வருஷமாக ஞாயிறுதோறும் தட்டித் தட்டி, இரண்டு பேர் உட்காரும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை உண்டாக்கியிருந்தான். உடம்பு எண்ணெய்ப் பீப்பாய்த் தகரம். இருக்கைத் தோல் பக்கத்து வீட்டு மிக்கேல்ராஜ் தைத்துக் கொடுத்தது. இஞ்சின், விபத்தில் நசுங்கிய ஒரு மோட்டார்சைக்கிளுடையது.

மோட்டார்சைக்கிள் இஞ்சினுக்குப் பின்னால் போகத் தெரியாது. மோட்டார்சைக்கிளின் ரிவர்ஸ் கியர், அதை ஓட்டுகிறவனின் இரண்டு கால்கள்தான். காரில் உட்கார்ந்தவனுக்கு அந்த வசதி இல்லை.

தனசீலனின் சந்தோ முட்டுச் சந்து. ஒரு முனையில் சாலை, மறுமுனையில் குழாயடி. உள்ளே வந்த கார் வெளியே போக வேண்டுமென்றால் திருப்ப வேண்டும், திருப்ப இடமில்லை. ஆகவே அந்தச் சந்தில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. குழாயடியில் காரை நிறுத்தி, தனசீலன் எழுந்து நின்று “ரிவர்ஸ்!” என்று கூப்பிடுவான். எட்டுப் பேர் வருவார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கூடக் கையைத் துடைத்துக்கொண்டு வருவார். மிக்கேல்ராஜ் வால்பக்கம் நின்று, “ஒண்ணு, ரெண்டு” என்பார். மூன்று என்று யாரும் சொல்வதில்லை. பாதிப் பேர் “மாதாவே” என்பார்கள், பாதிப் பேர் “முருகா” என்பார்கள். கார் இரண்டுக்கும் எழும்பும், சாலையைப் பார்த்துத் திரும்பி இறங்கும்.

இந்த ஏற்பாட்டை ஒப்புக்கொள்ளாதவர் ஒருவர்தான்: வண்டிகளைப் பதிவு செய்யும் இன்ஸ்பெக்டர். செம்பூர் மைதானத்தில் காரைச் சுற்றி வந்து பார்த்தார். பிரேக் பிடித்தது. விளக்கு எரிந்தது.

“ரிவர்ஸ் கிதர் ஹை?” என்று, அது எங்கே என்று இந்தியில் கேட்டார்.

“கர் மே ஹை, சாப்,” என்றான் தனசீலன். எட்டுப் பேரும் வீட்டில்தான் இருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. நாலு சக்கரம் இருந்தால் பின்னாலும் போக வேண்டும் என்று எழுதி, அக்டோபர் பதினேழு, திங்கட்கிழமை என்று தேதி குறித்துக் கொடுத்தார். அன்றும் ரிவர்ஸ் இல்லையென்றால் நம்பர் கிடையாது. நம்பர் இல்லாத கார் ரோட்டில் ஓடக் கூடாது. புதன்கிழமை நொவேனா ஜெபத்துக்கு மாகிம் மாதா கோயிலுக்கு அம்மாவை இந்தக் காரில் அழைத்துப் போவதாக மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான் தனசீலன்.

4

ரிவர்ஸ் பெட்டி ஒன்று செய்வது என்று முடிவாயிற்று. படம் போடும் வேலை பிரம்மநாயகத்துக்கு. பல்சக்கரம் வெட்டிப் பெட்டி செய்யும் வேலை ரஹ்மத்துல்லா பாய்க்கு.

ரஹ்மத்துல்லா பாய் மேலப்பாளையத்துக்காரர். தாராவி மெயின் ரோட்டில் ஒரு மில்லிங் மிஷின் வைத்திருக்கிறார். இங்கிலீஷ் எழுத்து தெரியாது. ‘கோடு எப்படியோ அப்படி’ என்பதுதான் அவர் கொள்கை. அவர் வெட்டிய சக்கரத்தை இன்னொரு தடவை யாரும் அளந்து பார்ப்பதில்லை. அளப்பது அவரை அவமதிப்பது என்று அந்த வட்டாரத்தில் ஓர் எண்ணம்.

இப்போது தவறு வருகிறது. கவனமாக எழுதுகிறேன்.

மைப்படம் போடுகிறவர்கள் முதலில் கோடுகளை இழுப்பார்கள். மை காய்ந்த பிறகே எழுத்து. பிரம்மநாயகம் கோடு போட்ட டிரேசிங் தாளை அறையில் வேட்டி உலர்த்தும் கயிற்றில் கிளிப் போட்டு மாட்டினான். மறுநாள் எடுத்தான். எடுத்தபோது புறம் மாறிவிட்டது. டிரேசிங் தாளில் இரு புறமும் கோடு தெரியும். அவன் பின்புறத்தின்மேல் எழுத்தை எழுதினான். எழுத்து நேராக இருந்தது. கோடு மட்டும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறி இருந்தது.*

எழுத்து நேராக இருந்தால் படம் நேராக இருப்பதாக எல்லோரும் நம்புவார்கள். எங்கள் ஆசிரியரும் நம்பினார். லெட்டரிங்குக்குப் பத்துக்கு ஒன்பது போட்டார். அதிலிருந்து எடுத்த நீலப்பிரதி ரஹ்மத்துல்லா பாயிடம் போயிற்று. அவர் கோடு எப்படியோ அப்படியே செய்தார். ஒரு மயிரிழை பிசகவில்லை.

* தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு: பெட்டிக்குள் கிண்ணம் போன்ற பெரிய பல்சக்கரம் ஒன்று உண்டு. அது வலப்புறம் இருந்தால் சக்கரங்கள் முன்னால் உருளும். அதையே இடப்புறம் வைத்தால் முன்னால் போக வேண்டியதெல்லாம் பின்னாலும், பின்னால் போக வேண்டியது முன்னாலும் போகும். விரும்பாதவர்கள் கடைசி வாக்கியத்தை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

5

போன ஞாயிறு, ஒன்பதாம் தேதி, சோதனை ஓட்டம். சந்தே வந்து நின்றது. பெட்டி பொருத்தியாயிற்று. தனசீலனின் அம்மா ஏஞ்சலம்மாள் பட்டுச் சேலை உடுத்தி, ஜெபமாலையோடு பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

“அம்மா, எறங்கு. மொத ட்ரையல்.”

“மூணு வருசமா இந்த டப்பாவச் சுத்திக்கிட்டுத்தாம்ல தண்ணி எடுக்கப் போறேன். மொத சவாரி எனக்கு. நீ ஓட்டு.”

மிக்கேல்ராஜுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். “இனிமே நம்மள யாருடே கூப்பிடப் போறா? அதான் ரிவர்ஸ் வந்துட்டுல்லா,” என்றார். ஆனாலும் பழக்கதோஷம், எட்டுப் பேரும் காரின் பின்னாலேயே போய் நின்றார்கள்.

தனசீலன் முதல் கியரைப் போட்டு கிளட்சை விட்டான். கார் பின்னால் வந்தது.

“ஏல, முன்னால போல!” என்று கத்தினார் மிக்கேல்ராஜ்.

“முன்னாலதான் போட்டிருக்கேன் அண்ணாச்சி!”

“போட்டது பத்தல, நல்லாப் போடு!”

தனசீலன் இரண்டாவது கியரைப் போட்டான். கார் இன்னும் வேகமாகப் பின்னால் வந்தது. குழாயடியில் பெண்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு சிதறினார்கள். அப்போது மிக்கேல்ராஜ் செய்ததை நான் வியக்கிறேன். அவர் ஓடவில்லை. “ஒண்ணு, ரெண்டு,” என்றார். மாதாவே என்றும் முருகா என்றும் ஒரு முழக்கம். காரின் வால் அந்தரத்தில் எழும்பியது. பின்சக்கரங்கள் காற்றில் சுழன்றன. அந்த நிலையில் ஏஞ்சலம்மாள் ஓர் அருள்நிறைந்த மரியே ஜெபத்தை முழுதாகச் சொல்லி முடித்தாள்.

“இஞ்சின பந்த் பண்ணுல, கை போவுது!”

பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, எல்லாம் பின்னால். ரிவர்ஸைப் போட்டால் மட்டும் கார் தேர்போல் அசைந்து அசைந்து முன்னால் போயிற்று.

“நாலு பின்னால, ஒண்ணு முன்னால,” என்றார் மிக்கேல்ராஜ். “நண்டுகூட சைடுலதான்டே போவும். இது என்ன ஜென்மம்? வேணும்னா சீட்டத் திருப்பிப் போட்டுருவோமா? நாந்தான தச்சேன், பிரிச்சுத் தாரேன்.”

தனசீலன் சிரிக்கும் நிலையில் இல்லை. பிரம்மநாயகத்தைப் பார்த்தான். “நாயகம், படம் பராபர்தானே, சரியாத்தானே இருக்கு?”

பிரம்மநாயகம் பதில் சொல்வதற்குள் மிக்கேல்ராஜ் முந்திக்கொண்டார். “படம் எப்படித் தப்பா இருக்கும்? எழுத்தப் பாரு, அச்சடிச்சாப்ல இருக்கு. பாய்க்கு இங்கிலீஷ் தெரியாதுல்லா? தலகீழாப் புடிச்சிருப்பாரு.”

எல்லோரும் பிரம்மநாயகத்தைப் பார்த்தார்கள். எட்டுப் பேர், குழாயடிப் பெண்கள், பட்டுச் சேலையோடு ஏஞ்சலம்மாள்.

“இருக்கலாம்,” என்றான் பிரம்மநாயகம்.

6

[இங்கே ஒரு சந்தேகம். பிரம்மநாயகம் என்ற பாத்திரம் நம்பும்படியாக இருக்கிறானா? ஒரு வார்த்தைக்கு மேல் பேசாதவனை வைத்துக் கதை நடத்த முடியுமா? அவனுக்கு ஒரு தைரியமான குணத்தையாவது கொடுக்கலாம் என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். கொடுத்தால் கதை அந்த ஞாயிற்றுக்கிழமையே முடிந்துவிடும்.]

அந்த ‘இருக்கலாம்’ சொன்னபோது வெறும் அபிப்பிராயம். புதன்கிழமை வகுப்பில் அது பொய்யாயிற்று. கண்ணாடி மேசையில் டிரேசிங் தாளை விரித்து, கீழே விளக்கைப் போட்டுப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. பிறகு நகத்தால் தடவினான். காய்ந்த மை சற்று மேடாகத் தட்டுப்படும். எழுத்து ஒரு புறம் தட்டுப்பட்டது. கோடு மறுபுறம் தட்டுப்பட்டது. நான்கு முறை தடவினான். பிறகு தாளைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

இதற்கிடையில் சந்து தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. தனசீலன் மெயின் ரோட்டில், நாலு பேர் பார்க்க, ரஹ்மத்துல்லா பாயைக் கேட்கக் கூடாததெல்லாம் கேட்டுவிட்டான். பெட்டியைக் கழற்றி வைத்திருக்கிறான். குர்லாவில் வேறொருவரிடம் கொடுக்கப்போகிறானாம். அவர் பதினைந்து நாள் கேட்டிருக்கிறார். பெட்டியைத் திறந்து அந்தக் கிண்ணச் சக்கரத்தைப் புறம் மாற்றிப் பொருத்த பாய்க்கு ஒரு பகல் போதும். ஆனால் தனசீலன் அவர் கடைப் படி ஏற மாட்டேன் என்கிறான்.

டீக்கடை முருகம்மாள் இப்போது, “உல்டா பாய்க்கு ஒரு சாயா!” என்றுதான் குரல் கொடுக்கிறாள். கெட்ட எண்ணம் இல்லை. பெயர் வாய்க்கு வாகாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் இந்த வாரம் பாய் கடைக்கு வேலை கொண்டு வந்தவர்கள், வாங்கிப் போகும்போது சக்கரத்தை அளந்து பார்த்திருக்கிறார்கள்.

[தனசீலனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும், பம்பாயில் பிறந்தவன். அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேனா? இந்தக் கேள்வியை அடிப்பதா வைப்பதா என்று தெரியவில்லை. வைக்கிறேன்.]

7

நேற்று, வெள்ளிக்கிழமை, வகுப்புக்குப் போகும் வழியில் பிரம்மநாயகம் ரஹ்மத்துல்லா பாய் கடைக்குப் போனான். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனான். டிரேசிங் தாளையும் சுருட்டி எடுத்துப் போயிருந்தான்.

நீலப்பிரதி சுவரில் தலைகீழாக ஆணியடித்து மாட்டியிருந்தது. அதன் எதிரே முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று. பாய் படத்தையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்க மாஸ்டர் தம்பி. உக்காருங்க. சாயா சொல்லட்டா? நான் சொன்னா அந்தப் பொம்பள சிரிக்கும், பரவாயில்ல.”

“வேண்டாம் பாய்.”

“இருபத்தாறு வருசமா இந்த மிஷின்ல நிக்கேன். ஒரு பல்லு தப்புனதில்ல. இப்ப என் மேலயே எனக்குச் சந்தேகம் வந்துட்டு. நேத்து ஒரு சாதாச் சக்கரம், பன்னெண்டு பல்லு. பதிமூணு தடவ எண்ணுனேன்.”

“பாய், அந்தப் படம் —”

“படத்தச் சொல்லாதீங்க. படம் பாக்க அச்சு மாரி இருக்கு. தப்பு எம்பேர்லதான் இருக்கும். எழுத்து தெரியாதவன் தாள எப்படிப் புடிச்சான்னு யாருக்குத் தெரியும்? எனக்கே தெரியலயே. மேலேருந்து பாக்கவேண்டியத கீழேருந்து பாத்துட்டனோ என்னமோ.”

பிரம்மநாயகம் வாயைத் திறந்தேன்.

[திருத்த வேண்டும்: திறந்தான்.]

அதற்குள் பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கிட்டே வந்து உட்கார்ந்தார். குரலைத் தணித்துக்கொண்டார். மிஷினுக்குக்கூடக் கேட்கக் கூடாது என்பதுபோல் இருந்தது.

“தம்பி, ஒண்ணு கேப்பேன், சிரிக்கக் கூடாது. ஒங்க சாயங்கால வகுப்புல என்னயச் சேத்துவிடுவீயளா? படம் எப்படிப் பாக்கதுன்னு முறையாப் படிச்சுட்டா பெறகு ஒருத்தன் பேச முடியாதுல்லா? எனக்கு நாப்பத்தெட்டு. பெஞ்சில பொடியம்மாரோட உக்காந்தா வாத்தியார் ஒண்ணும் சொல்ல மாட்டாருல்லா?”

“சொல்ல மாட்டார் பாய்.”

“அப்ப ஒரு ஃபாரம் வாங்கியாங்க. ஞாயித்துக்கெழம கட தொறந்துதான் கெடக்கும். நீங்களே நெரப்பிக் குடுத்துருங்க. ஒங்க கையெழுத்துதான் நல்லா இருக்கே.”

“கொண்டு வாரேன் பாய்,” என்றான். கையில் சுருட்டி வைத்திருந்த தாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனான். அன்றைய பாடம், பார்வைக் கோணங்கள்.

8

முடிவுகள். என்னிடம் மூன்று இருக்கின்றன.

முதலாவது: திங்கட்கிழமை தனசீலன் தாராவியிலிருந்து செம்பூர்வரை பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போகிறான். இன்ஸ்பெக்டர் ரிவர்ஸ் காட்டு என்கிறார். ரிவர்ஸைப் போட்டதும் கார் முன்னால் போகிறது. இன்ஸ்பெக்டர் காரை இரண்டு முறை சுற்றி வந்து, இதற்கு முகம் எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டு, தலைசுற்றலில் கையெழுத்துப் போடுகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

[இதை எழுதும்போது எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் எல்லோரும் சிரித்து முடித்த பிறகும் ரஹ்மத்துல்லா பாய் உல்டா பாயாகத்தான் இருப்பார்.]

இரண்டாவது: பாய் வகுப்பில் சேர்கிறார். பிரம்மநாயகத்தின் பக்கத்தில் உட்கார்கிறார். இருபத்தாறு வருஷம் இரும்பில் பழகிய கையல்லவா, வெகு சீக்கிரம் எல்லோரையும் மிஞ்சிவிடுகிறார். ஒரு நாள் தற்செயலாக ஒரு பழைய டிரேசிங் தாளை எடுத்து நகத்தால் தடவுகிறார். தடவிவிட்டு, பிரம்மநாயகத்தை —

[கதை என்ற அளவில் மூன்றில் சிறந்தது இதுதான். ஆனால் இது நடக்க மூன்று மாதமாவது ஆகும். மூன்று மாதமும் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.]

மூன்றாவது: பிரம்மநாயகம் நாளைக் காலை போய்ச் சொல்லிவிடுகிறான். உடனே தனசீலன் —

[இங்கே பேனா நிற்கிறது. தனசீலன் சிரிக்கலாம். பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து எறியலாம். ஒரு தடவை ஒரு பூனைமேல் எறிந்து குறி தவறியிருக்கிறான். மிக்கேல் அண்ணாச்சி ‘உல்டா மாஸ்டர்’ என்று பெயர் வைப்பது மட்டும் நிச்சயம். முருகம்மாள் அதை நாளை மாலைக்குள் தெரு முழுக்கச் சேர்த்துவிடுவாள். பாய் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது.]

ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை. அடுத்த பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். வேண்டுமென்றால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: எழுத்தை எழுதும் முன் தாள் எந்தப் புறம் இருக்கிறது என்று நகத்தால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

9

ஓரத்தில் வைத்த புள்ளி. முதல் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். ‘சிறு’ என்ற சொல்லை அடித்துவிட்டேன். அங்கே வேறு சொல் எதுவும் போடவில்லை. ‘ஒரு தவறு செய்துவிட்டேன்’ என்றே வாக்கியம் சரியாக இருக்கிறது.

இன்று மாலை வகுப்பு அலுவலகத்தில் ஃபாரம் வாங்கினேன். இந்த நோட்டுக்குள்தான் இருக்கிறது. பெயர் என்ற இடத்தில் ‘ரஹ்மத்துல்லா’ என்று பென்சிலில் மெல்லிசாக எழுதிப் பார்த்தேன். மிக அழகாக வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பிரம்மநாயகத்தை இனி அனுப்பிப் பயனில்லை என்று பட்டது. நாளைக்கு அவனுக்கு வேலை இல்லை.

நாளை, ஞாயிறு:

காலை ஏழு மணிக்கு, அவர்கள் பூசைக்குக் கிளம்புமுன், நான் தனசீலன் வீட்டுக்குப் போக வேண்டும். எட்டுப் பேரும் எழுந்திருந்தால் அவர்கள் முன்னாலேயே சொல்ல வேண்டும். தனசீலனையும் பெட்டியையும் ரஹ்மத்துல்லா பாய் கடைக்குக் கூட்டிப் போக வேண்டும். அவர் கேட்ட ஃபாரத்தை எடுத்துப் போகக் கூடாது. டிரேசிங் தாளை எடுத்துப் போய், நகத்தால் தடவிப் பார்க்கச் சொல்லி அவர் கையில் கொடுக்க வேண்டும்.